வெளிநாட்டு அணியில் கூடைப்பந்து ஆட: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மும்பையில் கூடைப்பந்து என்றதும் எல்லோரும் நாக்பாடாவைச் சொல்வார்கள். மாட்டுங்காவும் சளைத்ததல்ல. இந்தியன் ஜிம்கானாவும் டான் பாஸ்கோ பள்ளியும் இருக்கும் இடம் அது. தாராவி 90 அடி சாலையிலிருந்து அரை மணி நடை, செம்பூரிலிருந்து ஒரே பஸ். அங்கே ஆடிப் பழகும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெளிநாட்டில் போய் ஆட முடியுமா?"

முடியும். என்பிஏவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் முடியாது. ஓராண்டு ஒப்பந்தம், அடுத்த ஆண்டு வேறு ஊர், வேறு நாடு என்று பிழைக்கும் நடுத்தர வீரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் நாட்டவரும் அந்த வழியில் போயிருக்கிறார்கள். அம்ரித்பால் சிங் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸுக்கு ஆடிவிட்டு, 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜ்யோத் சிங்கும் அதே டோக்கியோ அணியில் ஆடி, பிறகு அமெரிக்க ஜி லீக்கில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில் இடம் பிடித்தார்.

ஆனால் நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியவர் கீது அன்னா ஜோஸ் என்பேன். கேரளத்துப் பெண், சென்னையில் தெற்கு ரயில்வே வீராங்கனை. அந்த வேலை கையில் இருக்கும்போதே 2006 முதல் மெல்போர்ன் பக்கம் ரிங்வுட் அணிக்காக விக்டோரியா மாநில லீக்கில் ஆடினார். 2011-ல் அமெரிக்க மகளிர் லீக் அணிகளின் தேர்வுக்கும் போய்வந்தார். வேலையை விடாமல் வெளியே போய் ஆடிய அந்த முறைதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

முதலில் களத்தில் உங்கள் இடத்தை மாற்றுங்கள். ஆறடிப் பையனை நம் பள்ளிகளில் சென்டராக நிறுத்திவிடுகிறார்கள். கூடைக்கடியில் பந்தை வாங்குவான், திரும்புவான், போடுவான். அத்தோடு ஆட்டம் முடிந்தது. வெளிநாட்டில் சுமாரான அணியில்கூட ஆறடி என்றால் கார்டுதான். 15 வயதுக்குள் இரண்டு கையிலும் டிரிபிள் பழக வேண்டும். 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து ஷாட் விழ வேண்டும். சக வீரர் ஸ்கிரீன் வைக்கும்போது யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்துப் பந்து கொடுக்கத் தெரிய வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்தவெளி சிமென்ட் கோர்ட் ஈரத்தில் வழுக்கும், முழங்காலைப் பணயம் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் கூரைக்கடியில் எட்டடி இடம் கிடைத்தாலும் டிரிபிளுக்கும் கால்வேலைக்கும் போதும்.

அடுத்தது காகிதம். இதில்தான் மும்பைத் தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் மராட்டிய வழக்கப்படி உங்கள் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என மூன்று. ஊர்ப்பக்கத்துக் காகிதத்திலோ வெறும் இனிஷியல். ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றால் வயதுச் சான்றும் வீரர் பதிவும் இழுபடும். பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் பெயரைத் திருத்திவிடுங்கள்.

18 வயதுக்கு முன் வெளிநாட்டு அணிக்கு மாற, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, சிறப்புக் காரணம் இருந்தாலொழிய, அனுமதிப்பதில்லை. "பதினாறு வயசுல அனுப்பி வைக்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடியுங்கள். அந்த வயதில் மாநில அணியும் தேசியப் போட்டிகளுமே இலக்கு. மூவர் ஆடும் 3x3 போட்டிகளையும் விடாதீர்கள். ஃபிபாவின் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கினால், அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடித் தரவரிசைப் புள்ளி சேர்க்கலாம்.

பிறகு வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே இரண்டுக்கும் தலைமையகம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிகள் உண்டு. சேர்ந்த பிறகு, வெளியே ஆட விடுப்பும் தடையில்லாச் சான்றும் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் என்பிஎல்1 லீக் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் நடக்கும். நம் மழைக்காலத்தில் அங்கே ஆடிவிட்டு வந்து இங்கே அலுவலக அணிக்கும் ஆடலாம்.

அணி தேடும்போது நறுக்கித் தொகுத்த வீடியோவோடு முழு ஆட்டப் பதிவு இரண்டையும் அனுப்புங்கள். பந்து கையில் இல்லாதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பயிற்சியாளர் பார்ப்பார். வெளிநாட்டவருக்கு ஓர் அணியில் இரண்டு மூன்று இடம் இருந்தாலே அதிகம், அதற்கும் அமெரிக்க வீரர்கள் காத்திருக்கிறார்கள். ஜப்பானின் பி லீக் 2020-ல் கொண்டுவந்த ஆசிய ஒதுக்கீட்டில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் நிறையப் பேர் நுழைந்தார்கள். அத்தகைய ஒதுக்கீடு எந்தெந்த நாட்டவருக்கு என்று அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள். பெரிய அணியின் பெஞ்சைவிடச் சின்ன ஊரில் முப்பது நிமிட ஆட்டம் மேல். ஏஜென்ட் வேண்டுமென்றால் ஃபிபா உரிமம் பெற்றவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கேட்பவர் வேண்டாம்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: சம்பளம் வரி போகவா, வரியோடு சேர்த்தா? தங்குமிடமும் இரு வழி டிக்கெட்டும் யார் செலவு? காயம்பட்டால் சிகிச்சையும் சம்பளமும் தொடருமா? பணம் தாமதமானால் எத்தனை நாளில் நீங்கள் விலகலாம்? தகராறு வந்தால் ஃபிபா 2007-ல் தொடங்கிய கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அது இல்லாமல் அங்கே வழக்குப் போட வழியில்லை. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்வதை ஃபிபா தடுத்துவிடும். ஆடப் போவது சுற்றுலா விசாவில் கூடாது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பிடமிருந்து விடுவிப்புக் கடிதம் போய்ச் சேராமல் களமிறங்க முடியாது, அந்தக் கடிதத்துக்கு கிளப்பை முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

புரதப் பொடி, சளி மருந்து எதுவானாலும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலைப் பார்த்த பிறகே வாய்க்குப் போக வேண்டும். 2015-ல் என்பிஏ டிராஃப்டில் 52-ஆம் இடத்தில் தேர்வாகி வரலாறு படைத்த சத்னம் சிங்குக்கே ஊக்கமருந்து விதியில் 2 ஆண்டுத் தடை விழுந்தது.

அலுவலக அணிகளை நடத்தும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீரர் ஒருவருக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தால் ஐந்து மாத விடுப்பு கொடுங்கள். அவர் கற்றுவரும் ஆட்டம் உங்கள் அணிக்கே திரும்பி வரும்.