செஞ்சிக் கோட்டையில் விழுந்தால்... கேம்ஸ் உலகில் அறிவியல் செல்லுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் குடியேறுவது கேம்ஸ்தான். செஞ்சியில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் அப்படியே. அக்கா மகன் ஆறாம் வகுப்பு. அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். ராஜகிரி உச்சியை நெருங்கும் இடத்தில் பாறைப் பிளவு ஒன்று உண்டு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தவன் சொன்னான்: "மாமா, இதுல குதிச்சாலும் சாக மாட்டேன். ரெண்டரை ஹார்ட் மிச்சம் இருக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அன்று மாலை இருவரும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து போட்ட கணக்குதான் இந்த மாதப் பாடம். நீங்களும் உங்கள் பிள்ளைகளுடன் செய்து பாருங்கள்.

கால்குலேட்டரில் ஒரு பள்ளம்

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடுகிறது. 60 அடி என்பது சுமார் 18 மீட்டர்.

1. 18-ஐ 2-ஆல் பெருக்குங்கள். 36 வரும்.
2. அதை 9.8-ஆல் வகுங்கள். சுமார் 3.67 வரும்.
3. வர்க்கமூலம் பட்டனை அழுத்துங்கள். விடை 1.92. விழ ஆகும் நேரம் இத்தனை நொடிதான்.
4. அதை 9.8-ஆல் பெருக்கி, மறுபடியும் 3.6-ஆல் பெருக்குங்கள். சுமார் 67 அல்லது 68 வரும். அடியில் மோதும்போது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்.

நெடுஞ்சாலையில் ஓடும் பஸ்ஸின் வேகத்தில் பாறையில் மோதுவதற்குச் சமம். பையன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவன் கணக்கு எங்கிருந்து வந்தது?

மைன்கிராஃப்ட் கேமில் ஒரு கட்டம் என்பது ஒரு மீட்டர். முதல் 3 கட்டம் விழுந்தால் அடி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை ஹார்ட் குறையும். மொத்தம் 10 ஹார்ட். 18 கட்டம் விழுந்தால் ஏழரை ஹார்ட் போய், இரண்டரை மிஞ்சும். அவன் சொன்னது கேம் கணக்குப்படி மிகச் சரி!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உலகம் நம் பூமியை விட வேகமாகக் கீழே இழுக்கிறது. அதே 18 மீட்டரை அங்கே சுமார் 1.2 நொடியில் விழுந்து விடலாம். வேகமாக விழுகிறோம், ஆனால் மெதுவாக அடிபடுகிறோம். பட்டனை அழுத்தினால் சட்டென்று தாவி இறங்கினால்தான் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்பதற்காக, கேம் தயாரிப்பவர்கள் ஈர்ப்பு விசையைக் கூட்டிக் குறைப்பது வழக்கம்.

பகடைக் கணக்கு

கம்ப்யூட்டரில் வரும் ரோல் பிளேயிங் கேம்களுக்குத் தாய், 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. 2014-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் 10 அடிக்கு ஒரு பகடை உருட்டி, விழும் எண்ணை உயிர்ப்புள்ளியில் கழிக்க வேண்டும். 60 அடிக்கு 6 பகடை, சராசரி 21. ஆனால் 20 பகடைக்கு மேல் கிடையாது. காற்று தடுப்பதால் விழும் மனிதரின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டரைச் சுற்றி நின்று விடும். அதனால் உச்சவரம்பு இருப்பது நியாயம்தான். ஆனால் 20 பகடையின் உச்சம் 120. உயிர்ப்புள்ளி 120-க்கு மேல் உள்ள வீரன், சுமார் 800 அடி உயர ராஜகிரியிலிருந்து விழுந்தாலும் எழுந்து நடப்பான்!

அப்படியானால் அறிவியல் செல்லுமா, செல்லாதா?

கம்ப்யூட்டருக்குப் புவியீர்ப்பு தெரியாது. புரோகிராமர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. மைன்கிராஃப்டில் மணல் விழும். மரத்தின் அடியை வெட்டினாலோ மேல்பாகம் அந்தரத்தில் நிற்கும்.

ஆனாலும் நல்ல கற்பனை உலகுக்கு ஒரு விதி உண்டு. அதை நம் ஊர்க் கதையே சொல்கிறது. யாராலும் அடக்க முடியாத டில்லி பாதுஷாவின் குதிரையை தேசிங்கு அடக்கினான் என்கிறது நாட்டுப்புறக் கதை. குதிரை அதிசயம். மற்றதெல்லாம் நம் உலகம். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் 1714-ல் நடந்த போரில் அவன் இறந்தான். கதையிலும் அந்தச் சாவு மாறவில்லை. அதனால்தான் இன்றும் மனம் கனக்கிறது. எது அதிசயம் என்று கதை சொல்கிறதோ அது மட்டும் மாறும். சொல்லாத இடத்தில் நமக்குத் தெரிந்த உலகமே தொடரும்.

கேம்ஸும் அப்படித்தான். டிராகன் பறக்கட்டும், தவறில்லை. ஆனால் கோட்டையை முற்றுகையிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும். செஞ்சியை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. உள்ளே இருக்கும் களஞ்சியத்தையும் குளங்களையும் பார்த்தால் காரணம் புரியும்.

வீட்டுப் பாடம்

உங்கள் பிள்ளை ஆடும் கேமில் மூன்று கேள்விகள் கேளுங்கள். விழுந்தால் என்ன ஆகிறது? பசி எடுக்கிறதா? இந்த விதி கேம் முழுக்க ஒன்றாக இருக்கிறதா? பிறகு ஒரு தாளில் "கேம்", "நம் ஊர்" என்று இரண்டு பத்தி போட்டு விடைகளை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் பையன் எழுதிய தாள் இப்போது மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. "நம் ஊர்" பத்தியின் கடைசி வரி: "ஹார்ட் ஒன்றுதான்."