எடை குறையட்டும், வலு குறைய வேண்டாம்

நோன்பு முடிந்ததும் மூன்று கிலோ குறைந்துவிட்டதென்று மகிழ்கிறோம். ஆனால் சஹனில் சாப்பிட்டு எழும்போது முட்டியைப் பிடிக்கிறோம். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது தங்கும்.

இன்ஷா அல்லாஹ், வாரம் இரண்டு நாள் ஒதுக்குவோம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து அமர வேண்டும். இப்படி 3 சுற்று. எளிதானதும் இரு கைகளிலும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு டம்பெல். ஒரே எடையில் நின்றுவிட்டால் வலு கூடாது. பெண்களுக்கு எதற்கு என்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வது அவர்களுக்குத்தானே!

எடை குறைக்கும்போது 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். பிரியாணியில் சோற்றைக் குறைப்போம், கறியை அல்ல. இன்சுலின் போடுபவர்களும் இதய, சிறுநீரக நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவும்.