வீட்டை அளந்து ஏணி வாங்குதல்: கொங்கு நாட்டு இல்லங்களில் பன்னிலை மடக்கு ஏணி

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் ஏணி கேட்கும் வீட்டு வேலைகள் ஆண்டு முழுவதும் இருந்தாலும், அவை இரண்டு பருவங்களில் குவிகின்றன. ஒன்று, ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையடித்து, போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்ந்த காப்பைக் கூரை விளிம்பில் கட்டும் மார்கழிக் கடைசி. மற்றொன்று, ஐப்பசி மழை இறங்குவதற்குள் உடைந்த ஓட்டை மாற்றி, போர்டிகோ மேல் தேங்கிய சருகை அள்ளி, மழைநீர்க் குழாயின் வாயைத் திறந்துவிடும் புரட்டாசி. முன்பு இவ்வேலைகளுக்கெல்லாம் ஒரு மூங்கில் ஏணியும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் போதுமானதாகக் கருதப்பட்டன. இன்று அந்த இடத்தைக் கடைக்காரர்கள் ‘மல்டி பர்ப்பஸ் லேடர்’ என்று சொல்லி விற்கும் அலுமினிய மடக்கு ஏணி பிடித்து வருகிறது. ஒரே பொருள் பல வடிவங்களை எடுப்பதே அதன் சிறப்பு. ஆனால் எடுக்கும் ஒவ்வொரு வடிவத்திலும் அது வேறொரு கருவியாகிறது என்பதையும், ஒவ்வொன்றுக்கும் தனி உயர வரம்பும் தனி ஆபத்தும் உண்டு என்பதையும் அறியாமல் வாங்குவோரே பெரும்பாலோர்.

அமைப்பும் வகைகளும்

பன்னிலை மடக்கு ஏணி என்பது நான்கு சிறு ஏணித் துண்டுகளை மூன்று இடங்களில் கீல்மூட்டுகளால் இணைத்த அமைப்பாகும். கீல்மூட்டு என்பது, கதவின் கீலைப் போலத் திரும்பிக் குறிப்பிட்ட சில கோணங்களில் பூட்டிக்கொள்ளும் எஃகு இணைப்பு; ஒவ்வோர் இடத்திலும் இரு பக்கச் சட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மொத்தம் ஆறு மூட்டுகள் இருக்கும். துண்டுக்கு மூன்று படி வீதம் பன்னிரண்டு படிகள் கொண்டது ஒரு வகை, நான்கு படி வீதம் பதினாறு படிகள் கொண்டது மற்றொரு வகை. முன்னது நேராக நீட்டினால் ஏறத்தாழ 11½ அடியும், கூடாரம் போல விரித்து நிறுத்தினால் 5½ அடியும் வரும். பின்னது முறையே 15 அடியும் 7½ அடியும் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் சில அங்குலங்கள் மாறுபடலாம். எடையிலும் முன்னது 12 கிலோவை ஒட்டியும், பின்னது 15 கிலோவை ஒட்டியும் இருப்பதால், ஒருவரே தூக்கி இடம் மாற்ற வேண்டிய வீட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இவ்விரண்டும் அல்லாமல், நடுவில் ஒரே ஒரு இணை மூட்டும், சட்டத்துக்குள் சட்டம் நுழைந்து நீளும் வெளிச்சட்டங்களும் கொண்ட மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இதில் ஒரு பக்கக் காலை மட்டும் ஓர் அடி அளவுகளில் குட்டையாக்க முடியும் என்பதால், ஒரு காலை மேல் படியிலும் மறு காலைக் கீழ்ப் படியிலும் ஊன்றி நிறுத்த வேண்டிய மாடிப்படிச் சுவர்களுக்கு இதுவே ஏற்றது; நான்கு துண்டு ஏணியை அவ்வாறு ஏற்றத்தாழ்வாக நிறுத்த இயலாது. வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு அமைந்த டூப்ளெக்ஸ் வீடுகளில் குடியிருப்போர் முதலில் கருத வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

வாங்குமுன் வீட்டை அளத்தல்

ஏணியின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட நீளம், மனிதர் ஏறி நிற்கக்கூடிய உயரமன்று. கூடார வடிவில் மேல் இரண்டு படிகளிலும், சுவரில் சாய்த்த நிலையில் மேல் மூன்று படிகளிலும் நிற்கலாகாது என்பது பொது விதி. ஏனெனில் அதற்கு மேல் ஏறினால் கையால் பற்ற ஏதும் இராது, உடலின் எடையும் ஏணியின் தலைக்கு மேலே போய்விடும். இந்த விதியோடு கணக்கிட்டால், பன்னிரண்டு படி ஏணியைக் கூடாரமாக விரித்து நான்காம் படியில் நிற்பவரின் பாதம் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். நடுத்தர உயரமுள்ளவர் கையை உயர்த்தினால் 10½ அடி எட்டும். புறநகர்களில் எழும் கான்கிரீட் வீடுகளின் உட்கூரை பெரும்பாலும் 10 அடியை ஒட்டியே அமைவதால், மின்விசிறி துடைக்கவும், விளக்கு மாற்றவும், அட்டாலி என்னும் பரணில் ஏற்றிய அண்டாவை இறக்கவும் சிறிய ஏணியே போதும்.

உட்கூரைக்கு வண்ணம் பூசும் வேலையில் பெரிய ஏணி இடையூறாகவே ஆகிறது. ஓரத் துண்டுகள் இரண்டும் காலாகவும், நடுத்துண்டுகள் இரண்டும் படுக்கையாகவும் அமைந்து மேலே பலகை இட்டு நிற்கும் மேடை வடிவில், பன்னிரண்டு படி ஏணி 3 அடி உயரமும் பதினாறு படி ஏணி 4 அடி உயரமும் தருகின்றன. ஐந்தரை அடி ஆள் 4 அடி மேடையில் நின்றால் அவர் தலைக்கும் 10 அடிக் கூரைக்கும் இடையே அரை அடியே எஞ்சும். உருளைத் தூரிகையை ஓட்டக் கழுத்தை மடக்கிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். 3 அடி மேடையில் அந்த இடர் இல்லை.

மொட்டை மாடிக்கு வெளிப்புறமாக ஏறுவதற்கென்றே பதினாறு படி ஏணியைப் பலர் வாங்குகின்றனர். அவ்வெண்ணத்தைச் சிறு கணக்கு ஒன்று கலைத்துவிடும். ஏணியைச் சாய்க்கும்போது 15 அடியில் அரை அடி குறையும். இறங்கும் இடத்துக்கு மேலே 3 அடி ஏணி நீண்டிருந்தால்தான் கையால் பற்றியபடி கால் மாற்ற முடியும் என்பதால், உண்மையில் பயன்படும் உயரம் 11½ அடிதான். வீட்டு அடித்தளம் 2 அடி, உட்கூரை 10 அடி, தளக் கனம் அரை அடி என்று கூட்டினால் கைப்பிடிச் சுவரைச் சேர்க்கும் முன்னரே 12½ அடி ஆகிவிடுகிறது. ஆகவே அந்த ஏணி மாடிக்கு எட்டாது. எட்ட வைக்க முயல்வதே விழுவதற்கு வழி. ஆனால் மாடிப்படி அறையின் தலைமேல் அமைந்த சின்டெக்ஸ் தொட்டியைக் கழுவ, மொட்டை மாடியிலிருந்து 8 அடி உயரம் வரை ஏறப் பன்னிரண்டு படி ஏணியே இதே கணக்கின்படி போதுமானதாகும்.

பதினாறு படி ஏணிக்கு உரிய இடம் பழைய ஓட்டு வீடுகளே. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும், நடுவே உயர்ந்த விட்டமும் கொண்ட தொட்டிக்கட்டு வீடுகளில் உட்புற உயரம் 12 அடியைத் தாண்டும்போது சிறிய ஏணி பயன்படுவதில்லை. அங்கும் ஏணியின் தலையை ஓட்டின் விளிம்பில் சாய்த்தால் ஓடு உடைந்து ஏணி நழுவும். மேல் துண்டைச் சுவர்ப்பக்கம் மடக்கி, ஓட்டு விளிம்புக்குக் கீழே சுவரில் ஊன்றும் ‘தள்ளி நிற்கும்’ வடிவமே அதற்கு உரியது.

கடையில் சோதிக்க வேண்டியவை

கடையில் ஏணியை மடித்த நிலையில் பார்த்து விலை பேசுவது போதாது; நேர், கூடாரம், மேடை, தள்ளி நிற்றல் ஆகிய நான்கு வடிவங்களையும் விரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். நேராக நீட்டித் தரையில் கிடத்தி, ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள மறுமுனையை முறுக்கிப் பார்த்தால், சட்டத்தின் கனமும் படிகள் சட்டத்தில் இறுகியிருக்கும் தன்மையும் கைக்குத் தெரியும். கால் முனைகளில் ரப்பர் புஷ் முழுமையாக இருக்கிறதா, அடியில் அகலக் குறுக்குச் சட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 131 என்ற ஏணித் தரநிலையில் 2018-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 3 மீட்டருக்கு மேற்பட்ட சாய்வு ஏணிகளுக்கு அடியகலத்தைக் கட்டாயமாக்கியது. குறுகிய அடி பக்கவாட்டில் எளிதில் சாய்வதே அதன் காரணம்.

தாங்குதிறன் என்பது ஏறுபவரின் எடையை மட்டும் குறிப்பதன்று. அவர் கையிலும் தோளிலும் உள்ள அனைத்தும் அதில் அடங்கும். 80 கிலோ எடையுள்ளவர் 20 லிட்டர் வண்ண வாளியோடு ஏறினால் 100 கிலோவைக் கடந்துவிடுகிறது. ஆகவே மேற்சொன்ன தரநிலை குறிப்பிடும் 150 கிலோ அளவையே கேட்டு வாங்குவது நன்று. மேடை வடிவுக்கு நிறுவனங்கள் தனியே குறைந்த அளவு குறிப்பதுண்டு. அதையும் ஒட்டுச்சீட்டில் படிக்க வேண்டும். ஏணிகளின் பாதுகாப்பு விதிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ். 3696 இரண்டாம் பகுதியாக 1991-இல் வெளியிட்டுள்ளது.

மூட்டே உயிர்நாடி

இவ்வகை ஏணியின் வலிமையும் பலவீனமும் மூட்டில்தான் உள்ளன. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு எஃகு வட்டுகள் ஒன்றையொன்று தழுவித் திரும்ப, சுருள்வில்லால் தள்ளப்படும் பூட்டுமுளை ஒன்று உரிய கோணம் வந்ததும் வட்டின் துளையில் விழுகிறது. முளை முழுதும் விழும்போது ‘டக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். வெளியே உள்ள நெம்புகோலும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். முளை பாதி மட்டும் நுழைந்திருந்தால் நெம்புகோல் சற்றே வெளியே துருத்தி நிற்கும். ஆனால் ஏணி பார்வைக்கு நேராகவே இருக்கும். ஏறுபவர் நடுப்படியை அடைந்ததும், வளைவு விசை மிகுதியாக விழும் நடுமூட்டு அந்நிலையில் திறந்துகொண்டால் ஏணி இரண்டாக மடியும். ஆகவே ஒலியை மட்டும் நம்பாமல், ஆறு நெம்புகோல்களையும் விரலால் தொட்டு உறுதி செய்த பிறகே முதல் படியில் கால் வைக்க வேண்டும். வடிவம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இது புதிதாகச் செய்ய வேண்டிய சோதனை.

வடிவம் மாற்றும் வேலையை ஏணியைத் தரையில் கிடத்தியே செய்ய வேண்டும்; நிமிர்த்திய நிலையில் மூட்டைத் திறந்தால் விரல் நசுங்கும். சிமெண்டுத் தூளும் பட்டிப் பொடியும் மூட்டுக்குள் புகுந்தால் முளை பாதியில் நின்றுவிடுமாதலால், வேலை முடிந்ததும் பழந்துணியால் துடைத்து, சில துளி தையல் இயந்திர எண்ணெய் விடுவது நல்லது. அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் ஏணியை மழையில் விடுவோர், மூட்டு எஃகாலானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சாய்வு, தரை, காற்று

சுவரில் சாய்க்கும்போது, ஏணி சுவரைத் தொடும் உயரத்தில் நான்கு அடிக்கு ஓர் அடி வீதம் அதன் கால் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். 12 அடி உயரத்தில் தொட்டால் 3 அடி விலகல். இது ஏறத்தாழ 75 பாகைச் சாய்வு. இதைவிட நிமிர்ந்தால் ஏணி பின்னால் விழும். இதைவிடப் படுத்தால் கால் வழுக்கும். பளபளக்கும் டைல்ஸ் தரையில் ஈரமும் தூசியும் இல்லாதிருக்க வேண்டும். தோட்டத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பின் ஒரு கால் மட்டும் புதைவதால், இரு கால்களுக்கும் அடியில் ஒரே அகலப் பலகையை இடுவது பாதுகாப்பு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை உடையது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருளை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். ஆனி, ஆடி மாதங்களில் வெளிச்சுவர் வேலைக்கு ஏணி ஏற நேர்ந்தால், காற்று எழும் முன் காலையிலேயே முடித்துக்கொள்வதும், ஏணியின் தலையைச் சன்னல் கம்பியிலோ தூணிலோ கயிற்றால் கட்டுவதும் கடமையாகும்.

ஏறும்போது இரு கால்களும் ஒரு கையும், அல்லது இரு கைகளும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். அட்டாலியிலிருந்து கனமான பாத்திரம் எடுப்பவர் ஏணியை அட்டாலிக்கு முகமாக நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தால், இழுக்கும் விசையே ஏணியைக் கவிழ்க்கும்.

மின்கம்பியும் அலுமினியமும்

அலுமினியம் சிறந்த மின்கடத்தி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், கட்டடத்துக்கும் 11 ஆயிரம் வோல்ட் வரையிலான மேல்நிலைக் கம்பிக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4 அடி, இடைவெளி கோருகின்றன. நீட்டிய பதினாறு படி ஏணியின் நீளம் இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நிமிர்த்தும்போது கை தவறினால் அதன் தலை கம்பியை எளிதாகத் தொட்டுவிடும். குறுகிய தெருக்களிலும், பம்புசெட் இணைப்புக்காகக் கம்பிகள் குறுக்கே ஓடும் தோட்டங்களிலும், ஏணியை மடித்தே எடுத்துச் செல்ல வேண்டும். கம்பிக்கு அருகே வேலை என்றால் அலுமினிய ஏணியைத் தவிர்த்து மின் வாரிய ஊழியரை அழைப்பதே முறை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் இந்த ஏணியைத் தென்னையில் சாய்த்து ஏறும் வழக்கமும் காணப்படுகிறது. உருண்ட மரத்தில் ஏணியின் இரு சட்டங்களும் ஒருசேரப் படியாமையால் அது பக்கவாட்டில் உருளும். மரமோ ஏணியின் நீளத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் கருவி கொண்டு மரமேறும் பயிற்சி அளித்து வருகிறது. தென்னைக்கு உரியது அக்கருவியே.

தேர்வு

10 அடி உட்கூரை கொண்ட கான்கிரீட் வீட்டுக்குப் பன்னிரண்டு படி ஏணி. உயர்ந்த ஓட்டு வீட்டுக்குப் பதினாறு படி ஏணி. உட்படிக்கட்டு உள்ள வீட்டுக்குக் கால் நீளும் ஏணி. இரண்டாம் மாடியின் வெளிச்சுவருக்கு ஏணி வேண்டாம், சாரம் கட்டுவதே முறை. கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவை எடுத்து உட்கூரை, அட்டாலி, போர்டிகோ ஆகிய மூன்றின் உயரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள்; வாங்கி வந்த பின் ஏறும் ஒவ்வொரு முறையும் எல்லா மூட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள்.