வீட்டிலேயே வைத்தியம்: சேத்துப்பட்டில் கிடைத்த பதில்



இந்த மாதப் பாடம் உடல்நலம் பற்றியது. வாரக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. மூணு மாசமா இருமல். சேமிப்பு கட்ட வந்தாலும் மூலையில் தள்ளி உட்காருவாங்க. கேட்டா, "பஸ்ல அடிக்கிற தூசிம்மா" என்பாங்க. கடைசியில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி எடுத்துப் பார்த்தார்கள். காசநோய், அதாவது டி.பி. அக்கா முதலில் கேட்ட கேள்வி, "என்னை எங்க கொண்டு போய் விடுவாங்க? பசங்களை யாரு பாப்பாங்க?" என்பதுதான். எங்கேயும் அனுப்பவில்லை. மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். இப்போது அவங்க வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வீட்டுல வச்சு மாத்திரை குடுக்கறது ஒரு வைத்தியமா? பெட்டுல சேத்தாத்தான் குணமாகும். குழுவுல கடன் வாங்கு, பிரைவேட்ல சேத்துடலாம்" என்றார். உள்கடன் விண்ணப்பமே வந்துவிட்டது.

ஊக்குநர் என்ற முறையில் நான் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் உலகத்து டாக்டர்களே இதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைத்தது வேறெங்கும் இல்லை, நம்ம சென்னையில், சேத்துப்பட்டில்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் கொஞ்சம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். சளியில் கிருமி இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரை, நாம் சீட்டுக் குலுக்குவது போல, இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டும், ஒரு வருஷம்.

வீட்டுக்குப் போனவர்களின் வீடு எப்படி இருந்திருக்கும்? நம்ம வீடு மாதிரிதான். ஒரே அறை, நிறைய பேர், அரைகுறைச் சாப்பாடு. பலர் ஓய்வும் எடுக்கவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் கூடியது. அப்படியானால் அவர்கள்தானே ரொம்ப முன்னால் வந்திருக்க வேண்டும்?

அப்படி நடக்கவில்லை. வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பக்கம் நூற்றுக்கு 86 பேர், சானடோரியப் பக்கம் 92 பேர். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் போய், இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் நன்றாக இருந்தார்கள்.

"சரி, வீட்டுல இருந்தா புள்ளைங்களுக்கு ஒட்டிக்காதா?" இதையும் அவர்கள் விடவில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் வருஷக்கணக்கில் பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகம் வரவில்லை. ஏனென்றால் ஆபத்து பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்திய நாட்களில். மருந்து தொடங்கிய பிறகு பரவுவது வேகமாகக் குறைகிறது. அக்கா "தூசி" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மூணு மாசம்தான் பிள்ளைகளுக்கு ஆபத்தான காலம்.

1959-ல் வெளியான இந்த முடிவு காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்குப் போயின.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டில் வைத்தியம் என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து "போயிட்டு வாம்மா" என்று விடுவதில்லை. நோயாளிகள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் திடீரென்று போய் மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணினார்கள், மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். மாமியார் மாதிரி கண்காணிப்புதான்! ஆனால் அந்தக் கண் இல்லாவிட்டால் நூற்றுக்கு 86 வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்று மருந்துகள் இன்னும் நல்லவை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும் தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500-லிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அதெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை. வீட்டில் இருக்கும் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மாத்திரை உண்டு.

சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கும் இதே பாடம் பொருந்தும். ஒரு மாத மாத்திரைக்காக வரிசையில் நின்றால் நமக்கு அரைநாள் கூலி போச்சு. அதனாலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்கள் நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அந்த வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால் அது தபால்காரர் வேலை. பி.பி. பாருங்கள், போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள், ஏன் மிச்சம் என்று கேளுங்கள்.

அக்காவின் கடன் விண்ணப்பத்தைக் குழு என்ன செய்தது என்று கேட்பீர்கள். தள்ளவில்லை, நிறுத்தி வைத்தோம். வீட்டுக்காரரைக் கூட்டத்துக்கே அழைத்து இந்தக் கதையைச் சொன்னோம். பாதி நம்பினார். இரண்டாவது மாதம் இருமல் நின்றது. அதோடு, "உடம்பு நல்லாயிடுச்சு, போதும்" என்று அக்காவே மாத்திரையை நிறுத்தப் பார்த்தாங்க. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், அப்புறம் இந்த மருந்து கேட்காமலும் போகலாம் என்று சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆச்சு. இப்போது நாலாவது மாதம். செவ்வாய்க்கிழமை தோறும் வேலை முடிந்து போகிறேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையை எடுத்து வந்து எண்ணிக் காட்டிவிடுகிறார்.