அடுப்புப் புகையும் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களும்

மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். அத்தகைய ஊர்களிலிருந்து வந்து பயிலும் நம் மாணவர், விடுமுறையில் இல்லம் சேர்ந்த மறுநாள் விடியலில் கேட்கும் ஒலிகளுள் ஒன்று அடுப்பங்கரை இருமலாகும். எரிவாயு அடுப்பு வந்த பின்னரும், வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் விறகடுப்பை விடாத இல்லங்கள் பல. ஈர விறகையும் தென்னை மட்டையையும் ஊதுகுழலால் ஊதி எரிக்கும் அன்னையார், “புகைதானே, பழகிவிட்டது” என்பர். புகை பழகுமோ? இவ்வினாவை உடல்நூல் வழிநின்று சிறிது ஆராய்வாம்.

மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் பலவற்றின்மீது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 200 வீதம், சிலியா என்னும் நுண்மயிர்கள் உள. ஒரு மில்லிமீட்டரை 150 கூறாக்கின் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே இவற்றின் நீளம். காற்றில் நெற்பயிர் அலையலையாகச் சாய்ந்து நிமிர்வது போன்று, இவை வினாடிக்கு 10 முதல் 15 முறை அசைந்து, தம்மேற் படர்ந்த சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன. நாம் உள்ளிழுத்த தூசியும் கிருமியும் அச்சளியில் ஒட்டி வெளியேறுகின்றன. பாலூட்டிகளிடத்தும் இவ்வசைவு உண்டென்பதை 1834-ஆம் ஆண்டில் பர்க்கின்யே, வாலன்டின் என்னும் இருவர் வெளியிட்டனர். இதனை இயக்கும் புரதத்திற்கு 1965-இல் டைனீன் என்று பெயரிடப்பட்டது.

இனி, இத்துப்புரவாளர்க்கு நேரும் இடையூறு யாதெனக் காண்பாம். இரும்பைத் துருவேற்றும் ஆக்ஸிஜனே நமக்கு உயிர்தருவதும் ஆகும். எனினும் அது ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய கடுமையான வடிவங்களை எய்துங்கால், தான் தொட்ட கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும். குளுடாதயோன், கேட்டலேஸ் முதலிய காவற்பொருள்கள் அவற்றை அடக்குவன. விறகுப் புகையோ அக்கடும்பொருள்களை வெளியிலிருந்து கொணர்வதோடு, அவ்விடத்தே வெள்ளணுக்களை வரவழைத்து, அவையும் மேலும் அவற்றைச் சொரியுமாறு செய்கின்றது. காவலினும் தாக்குதல் மிகும் இந்நிலையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி எனப்படும்.

அப்பொழுது நுண்மயிர்களின் அசைவு தளர்கின்றது. அவற்றை இயக்கும் ஆற்றல் குறைகின்றது. நெருக்கடி நீடிப்பின் மயிர்கள் குறுகுகின்றன. மயிருடைய அணுக்கள் மடிய, சளி சுரக்கும் அணுக்கள் பெருகுகின்றன. குப்பை மிகுந்து, கூட்டுவார் குறைந்த தெருவை ஒப்பதாகின்றது மூச்சுக்குழாய். நுண்மயிர் செய்யவேண்டிய வேலையை இருமல் ஏற்கின்றது. ஆதலின், நாட்பட்ட இருமல் பழக்கத்தின் அடையாளமன்று. காவல் தோற்றதன் அடையாளமேயாம்.

இதன் முடிவு எத்தகையது? திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில், புகைபிடிக்கும் வழக்கமில்லாத 900 பெண்மணிகளைச் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு 2.44 பேர்க்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய் இருத்தல் கண்டனர். நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் சமையலில் ஈடுபட்டோரிடையே அது நூற்றுக்கு 3 ஆயிற்று. எண்ணிக்கை சிறிதெனத் தோன்றலாம். ஆயின் சுருட்டையோ பீடியையோ தொடாதவர் இவர் என்பதை மறத்தல் ஆகாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. உட்சுவரின் அடியிலுள்ள அணுக்களினின்று புதிய அணுக்கள் தோன்றி, மீண்டும் மயிர் முளைத்தல் இயல்பு. ஆனால் நாள்தோறும் புகை தாக்குமாயின் அம்முளை நிலைபெறாது.

எனவே மாணவ நண்பர்காள், இவ்விடுமுறையில் நும் கல்வி அடுப்பங்கரையில் தொடங்குக! விறகை உலர்த்தி அடுக்குங்கள். சுவரில் புகைபோக்கி அமையுங்கள். வெந்நீர் அடுப்பை வெளிமுற்றத்திற்கு மாற்றுங்கள். இயலுமிடத்து எரிவாயுவையே கைக்கொள்ளச் செய்யுங்கள். நம்மைப் படிக்க அனுப்பிய அன்னையர் இருமலின்றி விடியலைக் காண்பரேல், நாம் கற்ற உடல்நூல் பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம்.