படகுக் காப்புறுதி: நட்டஈடு ஏன் கைநழுவிப் போகிறது?

பெந்தோட்டை ஆறு, மாது கங்கை, பொல்கொட வாவி போன்ற நீர்நிலைகளில் உல்லாசப் பயணிகளுக்கான படகுகளில் முதலிடுவோர் உண்டு. அறை, சமையலறை, குளியலறை என்று வசதிகளோடு அமைக்கப்படும் படகு வீடு ஒன்றுக்குப் பெருந்தொகை செலவாகும். வங்கியோ லீசிங் கம்பனியோ கேட்கிறது என்பதற்காகவே பலர் காப்புறுதி எடுக்கிறார்கள். பொலிஸி வந்ததும் கோவையில் போட்டுவிடுகிறார்கள். படகு சேதமான பிறகே அதை முதன்முதலாக வாசிக்கிறார்கள்.

"காசு வாங்கும்போது இனிக்கப் பேசினார்கள், கொடுக்கும்போது சட்டம் பேசுகிறார்கள்" என்ற குறையை வியாபாரிகள் மத்தியில் அடிக்கடி கேட்கலாம். சில வேளைகளில் அது நியாயமான குறைதான். ஆனால் கோரிக்கைகள் தோற்பதற்கு இன்னொரு முக்கிய காரணமும் உண்டு. படகு சேதமடைந்திருப்பதை உரிமையாளர் காட்டுகிறார். எதனால் சேதமடைந்தது என்பதைக் காட்ட அவரிடம் ஒன்றும் இருப்பதில்லை.

சட்டத்தின் நிலை

கடல்சார் விடயங்களில் ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்குள் கொண்டுவந்தது 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுவது இங்கிலாந்தின் 1906 ஆம் ஆண்டுக் கடற் காப்புறுதிச் சட்டம். படகுப் பொலிஸிகளின் வாசகங்களிலும் அதன் சாயலைக் காணலாம்.

அச்சட்டத்தின் 55 ஆம் பிரிவை ஒவ்வொரு படகு உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும். பொலிஸியில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, சாதாரண தேய்மானம், சாதாரணக் கசிவு, பொருளுக்குள்ளேயே இருக்கும் குறைபாடு ஆகியவற்றுக்குக் காப்புறுதியாளர் பொறுப்பல்ல. எலி போன்றவற்றால் நேரடியாக ஏற்படும் நட்டத்துக்கும் பொறுப்பல்ல.

துறையில் கட்டியிருந்த படகு வீடு காலையில் பார்த்தால் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு புயல் இல்லை, மோதல் இல்லை. மதிப்பீட்டாளர் வருகிறார். அடிப்பலகை உக்கியிருக்கிறது, ஆணிகளில் கறள், நீர் இறைக்கும் பம்ப் வேலை செய்யவில்லை. "பராமரிப்புக் குறைவு" என்று அறிக்கை எழுதுகிறார். கோரிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டு வழக்குகள்

"பொப்பி எம்" என்ற பழைய கப்பல் 1976 ஆம் ஆண்டு அல்ஜீரியாவுக்கு அப்பால், அமைதியான கடலில், சீனி ஏற்றிச் செல்லும்போது மூழ்கியது. கப்பலின் பக்கத் தகட்டில் பெரிய ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தது. ஆழ்கடல் என்பதால் கப்பலைப் பரிசோதிக்க முடியவில்லை. நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்றார்கள் உரிமையாளர்கள். தேய்மானமே காரணம் என்றார்கள் காப்புறுதியாளர்கள். முதல் நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வென்றார்கள். ஆனால் 1985 இல் பிரித்தானியாவின் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. காரணம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவுசெய்யவும் இடமுண்டு. அப்படியானால் தோற்பவர், நிரூபிக்க வேண்டிய கடமை உள்ளவர். அவர் உரிமையாளரே.

மற்றையது "மிஸ் ஜே ஜே" என்ற உல்லாசப் படகு பற்றியது. 1980 இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் அலைகளால் அதன் அடிப்பாகம் சேதமடைந்தது. படகின் வடிவமைப்பிலேயே குறையிருந்தது தெரியவந்தது. உரிமையாளர் அதை அறிந்திருக்கவில்லை. கடலும் குறைபாடும் சேர்ந்தே சேதத்தை உண்டாக்கின என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. கடல் அபாயம் பொலிஸிக்குள் அடங்கியிருந்தது. வடிவமைப்புக் குறைபாடு அதில் விலக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே உரிமையாளருக்கு நட்டஈடு கிடைத்தது. அக்குறைபாடு விலக்குப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். எனவே பொலிஸியில் முதலில் வாசிக்க வேண்டியது விலக்குகள் பகுதியைத்தான்.

சேதத்துக்கு முன்னர்

படகை வருடாவருடம் கரையேற்றிப் பரிசோதித்து அறிக்கை பெறுங்கள். பலகை மாற்றியது, பூச்சு அடித்தது, எஞ்சின் பழுதுபார்த்தது எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு எடுத்துத் திகதி வாரியாக வையுங்கள். திகதியிட்ட புகைப்படங்களும் இருக்கட்டும். "தேய்மானம்" என்ற வாதத்துக்கு இவைதான் பதில்.

பொலிஸியில் எந்தப் பாவனை, எந்த நீர்நிலை, எத்தனை பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது எனப் பாருங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியை வைத்துக்கொண்டு கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றினால், சேதம் எப்படி நேர்ந்தாலும் கம்பனிக்கு மறுக்க வழி பிறக்கும். முகவரின் வாய்ப்பேச்சு போதாது. மாற்றத்தை எழுத்தில் அறிவித்து எழுத்தில் பதில் பெறுங்கள்.

சேதத்துக்குப் பின்னர்

இங்கே பலர் இருவேறு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் மதிப்பீட்டாளர் வருமுன்னரே எல்லாவற்றையும் பழுதுபார்த்து, உடைந்த பாகங்களை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சான்று போய்விடுகிறது. மற்றச் சாரார் மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் தொடாமல் இருக்கிறார்கள். உப்பு நீரில் கிடந்த எஞ்சின் நாளுக்கு நாள் அரித்துப்போகிறது. நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது உரிமையாளரின் கடமை என்று 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78 ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான நியாயமான செலவை மீளப்பெறும் வாசகம் பொலிஸியில் உண்டா என்றும் பாருங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். முதலில் ஆட்களின் பாதுகாப்பு. பிறகு எல்லாக் கோணத்திலும் படம். உடனே கம்பனிக்குத் தொலைபேசியிலும், அதே நாளில் எழுத்திலும் அறிவித்தல். அதன்பின் தண்ணீரை இறைத்து, எஞ்சினை நன்னீரால் கழுவிப் பாதுகாத்தல். உடைந்த பாகத்தை அப்படியே எடுத்து வையுங்கள். மோதல், களவு, நாசவேலை என்றால் பொலிஸ் முறைப்பாடு அவசியம். காற்று மழை காரணமென்றால் அன்றைய நிலைபற்றி வளிமண்டலவியல் திணைக்களத்திடம் அறிக்கை கோருங்கள். கண்டவர்களின் வாக்குமூலத்தை ஞாபகம் மறையுமுன் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் எந்த வாசகத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியையும் கேளுங்கள். குறைந்த தொகை தந்து "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற படிவத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். முதலில் கம்பனியின் மேலிடத்துக்கு முறையிடுங்கள். அதன்பின் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையும் நாடலாம். நீதிமன்றம் கடைசிப் படி.

காப்புறுதியானாலும் தகாபுல் ஆனாலும் கணக்கு ஒன்றுதான். தவணைப் பணம் கட்டிய சீட்டு, கோரும் உரிமையைத் தருகிறது. கோரியதைப் பெற்றுத் தருவது நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் சான்றுதான். கடை, களஞ்சியம், லொறி வைத்திருப்போரும் இன்றே தத்தமது கோவையைத் திறந்து பார்ப்பது நல்லது.