பழைய சிமெண்ட் ஷீட்டை எங்கே போடுவது?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றியது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் ஓலைக் கூரை போய் சிமெண்ட் ஷீட் வந்து பல வருஷம் ஆகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் ஷீட்டுகள் பறக்கின்றன, உடைகின்றன. புது ஷீட் போட்டுவிடுகிறோம். உடைந்த பழசு எங்கே போகிறது? ஏரிக்கரையில், முள்ளுக்காட்டில், தெருப் பள்ளத்தில். அதை அள்ளுவதும் கூட்டுவதும் யார்? பெரும்பாலும் பெண்களாகிய நாம்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு கல். அந்தக் கல்லைப் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரிக்கலாம். அதனால் தமிழில் கல்நார் என்கிறோம். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, உப்புக்காற்றில் மக்காது. கூரை ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த நார், மீதி சிமெண்ட்.

கூரையில் மட்டும் இல்லை. பழைய தண்ணீர்க் குழாய், புகைபோக்கி, வண்டி பிரேக் கட்டை இவற்றிலும் இருந்தது. பழைய போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில் படம் பெரிதாக்கும் சில மெஷின்களின் விளக்குக் கூண்டில்கூட, சூடு தாங்க இதை வைத்தார்கள். பழைய சாமான் வாங்கிப் பிரிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்படிக் கெடுதல் செய்கிறது?

முழு ஷீட் தலைக்கு மேலே சும்மா இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. அதை நினைத்து யாரும் தூக்கம் கெட வேண்டாம். உடைக்கும்போது, அறுக்கும்போது, துளை போடும்போது, கம்பி பிரஷ்ஷால் பாசி தேய்க்கும்போதுதான் தூசி கிளம்புகிறது. அதில் உள்ள நார் தலைமுடியைவிட மிக மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, இருமலும் உடனே வராது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் குத்தி நிற்கும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது.

இதனால் நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் நோய் வருகிறது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய உறையில் புற்றுநோயும் வருகின்றன. இந்தப் புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருஷம், அதற்கு மேலும்கூட ஆகலாம். "நான் எத்தனை ஷீட் உடைச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வது இதனால்தான் சரியில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

பெண்கள் கதை ஒன்று

இங்கிலாந்தில் நெல்லி கெர்ஷா என்ற பெண் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் நூல் நூற்றார். 1924-ல், 33 வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். அவர் உடம்பைப் பரிசோதித்த டாக்டர் குக் அந்த வருஷமே மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகுதான் இந்த நோய்க்குப் பெயரே வைத்தார்கள். பின்னாளில், ஆலைப் பக்கமே போகாத பெண்களுக்கும் நோய் வந்தது. புருஷனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த தூசியே காரணம்.

நம் நாட்டிலும் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் வரை வைத்திருக்க வேண்டும் என்றது. உலகில் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குத் தடை இல்லை, கடையில் கிடைக்கிறது. ஆகவே நம் ஜாக்கிரதை நம் கையில்.

நாம் செய்யக் கூடாதவை

• உடைந்த ஷீட்டைச் சுத்தியலால் நொறுக்கித் தெருப் பள்ளத்தில், வீட்டுத் தரையில் கொட்டக் கூடாது. நடக்க நடக்க அது தூளாகும்.
• அடுப்புக்கு அண்டக் கொடுக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.
• துண்டு ஷீட்டின் மேல் மீன், கருவாடு காய வைக்கக் கூடாது.
• ஏரியில், முகத்துவாரத்தில் போடக் கூடாது. நார் மக்காது. இறால் தடவும் கைக்கும் காலுக்கும் வெட்டுக்காயம் வேறு.
• உடைந்த இடத்தை விளக்குமாற்றால் காய்ந்தபடி கூட்டக் கூடாது. பிள்ளைகளை அங்கே விளையாட விடக் கூடாது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

பழைய சாம்பல் நிற சிமெண்ட் ஷீட்டில் கல்நார் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

1. ஷீட் மேல் கால் வைத்து ஏறக் கூடாது. உடைந்து விழுந்தால் உயிர் போகும். பழக்கப்பட்ட ஆள் ஏணி, பலகை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.
2. கரண்ட் மெயினை அணைத்துவிட்டு, ஷீட்டை நன்றாக நனைக்க வேண்டும். கொஞ்சம் சோப்புத் தூள் கலந்தால் தண்ணீர் நன்றாக ஊறும்.
3. உப்புக்காற்றில் கொக்கி போல்ட் துருப்பிடித்திருக்கும். ஷீட்டை அடித்துப் பிடுங்காமல் போல்ட்டை அறுத்து, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது.
4. முந்தானையும் கைக்குட்டையும் இந்தத் தூசியைத் தடுக்காது. பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 வகை மாஸ்க் முகத்தோடு ஒட்டும்படி போட வேண்டும்.
5. துண்டுகளை ஈரத்தோடு பொறுக்கித் தடித்த பாலிதீன் பையில் இரண்டு அடுக்காகக் கட்ட வேண்டும். யூரியா சாக்கு மட்டும் போதாது, நெசவு வழியாகத் தூசி வரும். சிதறிய தூளை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட வேண்டும்.
6. வேலைத் துணியை உதறாமல் நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். தலைக்குக் குளிக்க வேண்டும்.
7. வெள்ளம் ஏறாத மேட்டில் மூட்டைகளை அடுக்கி, "ஆஸ்பெஸ்டாஸ், பிரிக்காதே" என்று எழுதி வைக்க வேண்டும்.

பிறகு எங்கே அனுப்புவது?

இங்கேதான் சிக்கல். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு சாதாரணக் குப்பை அல்ல. அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்காக ஏற்பட்டது. நாலு ஷீட்டை வண்டியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அங்கே போய் நிற்க முடியாது. தனித்தனியாகக் கேட்டால் நடக்காது. கூட்டமைப்பாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். மீஞ்சூர் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

மாதிரி மனு

"ஐயா/அம்மா, எங்கள் குப்பத்தில் புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் தெருவிலும் ஏரிக்கரையிலும் கிடக்கின்றன. இது நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இவற்றைச் சேர்த்து வைக்க ஊராட்சி ஒரு மேடான இடம் ஒதுக்கவும், வருஷம் ஒருமுறை, புயலுக்குப் பிறகு உடனேயும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் பாதுகாப்பாக அகற்றவும், அள்ளுபவர்களுக்கு மாஸ்க், கையுறை தரவும் கேட்டுக்கொள்கிறோம்."

மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து, முத்திரை வாங்கிக் குழுக் கோப்பில் வைக்க மறக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

1. நம் தெருவில் உடைந்த ஷீட் எங்கெங்கே கிடக்கிறது? ஒரு பட்டியல் போடுவோம்.
2. கூரை மாற்றக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், பழைய ஷீட்டை என்ன செய்வார் என்றும் கேட்கலாமா? மாஸ்க், பாலிதீன் செலவையும் கடனில் சேர்க்கலாமா?
3. மறுபடி ஆஸ்பெஸ்டாஸே போடுவதா? ஓடு, தகரம், கான்கிரீட் இவற்றில் எது நம் கைக்கு எட்டும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மழைக்காலம் வரும் முன்னே மனு போய்ச் சேர வேண்டும்.